பாஸ்புக்கைத் திறக்கப் பயமா? ரசீதை மட்டும் கைமாற்றாதீர்கள்

கேள்வி: பொள்ளாச்சி – மீனாட்சிபுரம் சாலையில் ஒரு தென்னைநார் மில்லில் வேலை பார்க்கிறேன். கணவர் பாலக்காட்டுக்கு இளநீர் லோடு அடிக்கும் டெம்போ ஓட்டுகிறார். இருவருக்கும் சேர்த்து வாரம் 5,600 ரூபாய் வரும். குழு லோன் மூன்று. வாரம் 650, 580, 710 கட்டுகிறேன். ஒரு ஃபைனான்ஸில் பத்து வாரக் கடன், வாரம் 1,000. முடிந்ததும் திரும்ப எடுப்போம். இரண்டு வருடமாக இப்படித்தான். ஏலச்சீட்டுக்கு மாதம் 2,000, இன்னும் எடுக்கவில்லை. 4 பவுன் நகை, கேரளாவில் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கும் நாத்தனார் பெயரில் அங்கேயே ஒரு வங்கியில் 1,40,000 ரூபாய்க்கு அடகில் இருக்கிறது. கணவர் தினம் இரண்டு கேரளா லாட்டரி எடுப்பார். சனிக்கிழமை கையில் காசு வந்தாலே ஒரு கலக்கம். செலவாகித் தீர்ந்தால்தான் அடங்குகிறது. பாஸ்புக்கைத் திறந்து பல மாதம் ஆச்சு. எல்லாக் கடனையும் ஒரே கடனாக்கி நகையையும் மீட்டுத் தருவதாக ஒருவர் வந்து போகிறார். ஞாயிறு வந்து அடகு ரசீதை வாங்கிக்கொள்கிறேன் என்றிருக்கிறார். கொடுக்கலாமா? பணத்தைக் கண்டு பயப்படாமல் இருக்க என்ன செய்வது?

பதில்: கொடுக்க வேண்டாம். ஏன் என்பதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். முதலில் அந்தக் கலக்கத்தைப் பார்ப்போம்.

உங்கள் கடிதத்தில் எல்லாத் தொகையும் சரியாக இருக்கிறது, கூட்டல் மட்டும் இல்லை. கூட்டிப் பார்க்காத வரைக்கும் கடன் எவ்வளவு பெரிதாகவும் தோன்றலாம் அம்மணி. உங்களுக்காக நான் கூட்டினேன். குழு லோன் வாரம் 1,940. ஃபைனான்ஸ் 1,000. ஏலச்சீட்டை வாரக் கணக்குக்குக் கொண்டுவந்தால் சுமார் 462. நகைக்கடன் வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் என்று வைத்தால் வருடம் 16,800, வாரத்துக்கு 323. ஆக, வாரம் ஏறக்குறைய 3,725 ரூபாய். கையில் நிற்பது 1,875. அதில் லாட்டரிக்கு, ஒரு சீட்டு 50 ரூபாய் வீதம், வாரம் 700 போகிறது. மீதி 1,175 ரூபாயில் அரிசி, கேஸ், கரண்ட், பிள்ளைகள் எல்லாம் நடக்க வேண்டும். நடக்காது. அதனால்தான் பத்து வாரம் முடிந்ததும் ஃபைனான்ஸ் ஆபீஸ் வாசலில் மறுபடி நிற்கிறீர்கள். உங்களுக்குச் செலவு செய்யத் தெரியவில்லை என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஞாயிறு காலை அரை மணி நேரம் போதும். ஒவ்வொரு கடனுக்கும் ஐந்து விஷயம்: யாருக்கு, பேப்பரில் எவ்வளவு, உண்மையில் கைக்கு வந்தது எவ்வளவு, வாரம் எவ்வளவு, இன்னும் எத்தனை வாரம். அன்றைக்கு எழுதுவது மட்டும்தான் வேலை. எந்த முடிவும் எடுக்க வேண்டாம். மூன்றாவது விஷயத்தில்தான் சாயம் வெளுக்கும். பத்து வாரக் கடன் 10,000 என்பார்கள். முன்வட்டி 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கொடுப்பது வழக்கம். அப்படியானால் வாரத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல், ஆண்டுக்கு 160 சதவீதம் போல வட்டி. “நூத்துக்குப் பதினஞ்சுதானே” என்று கேட்கும்போது சின்னதாகத் தெரிவதற்குக் காரணம், வாராவாரம் அசல் குறைந்துகொண்டே வந்தும் வட்டி முழு அசலுக்கும் போடப்பட்டிருப்பதுதான்.

முதலில் அடைக்க வேண்டியது அதைத்தான். இப்போது ஓடும் பத்து வாரத்தைக் கட்டி முடியுங்கள், திரும்ப எடுக்காதீர்கள். அந்த 8,500 இல்லாமல் எப்படி ஓட்டுவது என்று கேட்பீர்கள். ஃபைனான்ஸுக்குக் கட்டாத 1,000 ரூபாய் வாராவாரம் உங்களிடமே நிற்கும். பத்து வாரத்தில் 10,000. அவர்கள் கொடுப்பதைவிட 1,500 கூட. சிரமம் முதல் மூன்று வாரம்தான், ஏனென்றால் மொத்தமாக வரும் பணம் அப்போது வராது. அந்த மூன்று வாரத்துக்கு லாட்டரிக் காசை நிறுத்தினால் 2,100 ரூபாய் கிடைக்கும்.

லாட்டரி பற்றி உங்கள் கணவரிடம் சண்டை போடாமல் இரண்டு தொகையைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். தினம் 100 என்றால் வருடம் 36,500. நகைக்கடன் வட்டி 16,800. (நம் பக்கத்தில் லாட்டரிக்கும் சீட்டு என்றுதான் பெயர், சேமிப்புக்கும் சீட்டு என்றுதான் பெயர், இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிவிடாதீர்கள்.) கேரளாவில் அது அரசே நடத்துவது, 1967 முதல் நடக்கிறது, தமிழ்நாட்டில் 2003 முதல் தடை. ஆகவே எல்லைக்கு இந்தப் பக்கம் விற்பவர் எவரும் சட்டப்படி விற்கவில்லை. வாட்ஸ்அப்பில் சீட்டின் போட்டோவை மட்டும் அனுப்பி “உங்க பேருக்கு எடுத்து வெச்சாச்சு” என்கிறவர்களிடம் ஏமாறாதவர் குறைவு. அசல் சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் பரிசு. பரிசு எண்ணின் கடைசி மூன்று இலக்கத்துக்குப் பணம் கட்டும் மூன்று நம்பர் என்பது லாட்டரியே கிடையாது, வெறும் சூதாட்டம்.

குழு லோன் விஷயத்தில் எனக்குக் கோபம் உங்கள்மேல் இல்லை. ரிசர்வ் வங்கி 2022ல் போட்ட விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்த்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. உங்களுக்கு அது வாரம் 2,800. ஏலச்சீட்டை விட்டுவிட்டாலும் 3,263 ஆகிறது. கடைசி லோன் கொடுத்தவர் ஃபைனான்ஸையும் நகையையும் கேட்டாரா? ஆதார், ஒரு செல்ஃபி, நாலு கையெழுத்து. விதி பேப்பரில் தூங்குகிறது. நான்காவது லோன் வேண்டவே வேண்டாம். மூன்றில் வாரம் குறைவாகப் பாக்கியிருப்பதை, கைக்குக் கொஞ்சம் காசு வந்ததும், முன்கூட்டியே முடித்துவிடுங்கள். அதற்கு அபராதம் வாங்கக்கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்கு வரக்கூடாது. மீறினால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448.

ஏலச்சீட்டைத் தொடருங்கள். பதிவான சீட்டுதானா என்று மட்டும் பதிவெண் கேட்டுப் பாருங்கள். தள்ளு (ஏலத்தில் விட்டுக்கொடுக்கும் தொகை) குறைவாகப் போகும் கடைசி மாதங்களில் எடுத்து, மொத்தத்தையும் நகைக்கடனில் போடுங்கள்.

இனி அந்த ஏஜெண்ட். “அடகு நகையை மீட்டு, விற்று, மீதி தருகிறோம்” என்ற போர்டு எல்லை ஊர்களில் பஸ் ஸ்டாண்டுக்கு ஒன்று இருக்கிறது. ஒழுங்காக நடத்துபவரும் இருக்கலாம். வழக்கமாக நடப்பது இது. வங்கிக்கு அவர் பணம் கட்டுவார். அதற்கு முன்பே உங்களிடம் விற்பனை ரசீதில் கையெழுத்து வாங்கியிருப்பார். நகை வெளியே வந்ததும் அவர் கடைத் தராசில்தான் எடை. 32 கிராமில் அழுக்கு, கல், அரக்கு என்று ஒன்றரை கிராம் போகும். 22 காரட் நகை 20 காரட் ஆகும். உருக்குச் சேதாரம் என்று ஒரு சதவீதம், சர்வீஸ் என்று இன்னொன்று. அவர் கட்டிய பணத்துக்கு ஒரே நாளைக்கு ஒரு வட்டி. நீங்கள் வேண்டாம் என்று சொல்ல முடியாது. நகை அவர் மேசையில், கையெழுத்து அவர் ஃபைலில். ஒரே கடனாக்கித் தருவது என்பதும் அதே கதைதான்: ப்ராசசிங் என்று முன்பணம் வாங்குவார், அதற்குப் பிறகு போன் எடுக்க மாட்டார். கடன் கைக்கு வருமுன் ரொக்கம் கேட்கிறவர், வெற்றுக் காசோலையும் வெற்றுப் பத்திரமும் கேட்கிறவர், ஓடிபி கேட்கிறவர், மூவரையும் திண்ணையோடு அனுப்பிவிடுங்கள். சிபில் ஸ்கோரை, அதாவது கடனை ஒழுங்காகக் கட்டியதற்கான மதிப்பெண்ணை, ஏற்றித் தருகிறேன் என்கிறவரையும்தான். சிபில் அறிக்கை வருடம் ஒருமுறை இலவசம். தவறு இருந்தால் திருத்தக் கேட்பதற்கும் கட்டணம் இல்லை.

விற்றுத்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு உருப்படியை மட்டும் விற்கலாம். ஹால்மார்க் மையத்தில் சிறு கட்டணத்தில் தரம் பார்த்துவிட்டு, இரண்டு கடையில் விலை கேளுங்கள். அடுத்த முறை வைக்கும்போது 4 பவுனையும் ஒரே ரசீதில் வைக்காதீர்கள். இரண்டு இரண்டு பவுனாக இரண்டு ரசீது போட்டால் ஒன்றையாவது முதலில் மீட்கலாம். கவுன்டரில் முகம் சுளிப்பார்கள், ஒரு பாரம் கூட எழுத வேண்டுமே என்று. சுளிக்கட்டும்.

நாத்தனார் பெயரில் வைத்திருக்கிறீர்களே, இதைச் சற்று நிதானமாகப் படியுங்கள். அடகு வைக்கும்போது நகை தன்னுடையது என்று அவர் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டிருப்பார். வங்கிக்கு அது அவர் நகை. நீங்கள் கட்டும் வட்டிக்கு ரசீது அவர் பெயரில் வரும். ஏல நோட்டீஸும் அவர் விலாசத்துக்குத்தான், அநேகமாக மலையாளத்தில். அவர் வீடு மாறியிருந்தால் திரும்பிப் போகும். உங்களுக்குத் தெரியவே தெரியாது. அவருக்கு அதே வங்கியில் வேறு கடன் நிலுவையில் இருந்தால், நீங்கள் முழுப் பணம் கட்டினாலும் நகையைப் பிடித்து வைக்கப் பார்ப்பார்கள். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவருடைய வாரிசுகள் சான்றிதழோடு வர வேண்டும். உங்களுக்கு அங்கே இடமில்லை. அவர் நல்லவரா என்பதல்ல என் கேள்வி. நல்லவர்கள் பெயரில் வைத்த நகைகளும் இப்படித்தான் சிக்கியிருக்கின்றன. அதனால் வட்டியை ரொக்கமாகக் கொடுத்து அனுப்பாமல், உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து நேரே கடன் கணக்குக்கு அனுப்புங்கள். ஒரு வெள்ளைத் தாளில், உருப்படி வாரியாக எடை எழுதி, நகை உங்களுடையது என்று அவர் கையெழுத்தும் இரண்டு சாட்சியும் வாங்கி வையுங்கள். அடகு ரசீதின் நகல் அதோடு இருக்கட்டும். பிறகு இருவரும் ஒரு நாள் சேர்ந்து போய், அதே கிளையில் அவர் கடனை முடித்து உங்கள் பெயரில் மறுபடி வைக்க முடியுமா என்று கேளுங்கள். முடிந்தால் நகை வங்கியை விட்டு வெளியே வர வேண்டியதே இல்லை. வேறு ஆள் பெயருக்கு மாற்ற மாட்டோம் என்றும் சில கிளைகளில் சொல்வார்கள். நாளைக்கு வாங்க என்றும் சொல்வார்கள். மேலாளரைப் பார்க்காமல் திரும்ப வேண்டாம்.

2025 ஜூனில் ரிசர்வ் வங்கி போட்டு, 2026 ஏப்ரல் 1 முதல் என்று நாள் குறித்த விதிகள் உங்கள் பக்கம்: எடை உங்கள் கண்ணெதிரே போட வேண்டும், கழித்த கல் எடையை எழுதித் தர வேண்டும், ஒப்பந்தம் உங்களுக்குப் புரியும் மொழியில் கேட்கலாம், கடன் முடிந்து ஏழு வேலை நாளுக்குள் நகை வர வேண்டும், வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. இன்னொன்று: தள்ளுபடி வரும் என்று வட்டி கட்டாமல் இருக்காதீர்கள். 2021ல் தமிழ்நாட்டில் 5 பவுன் வரை தள்ளுபடி ஆனது கூட்டுறவு நிறுவனங்களின் கடன் மட்டும். பாலக்காட்டில் இருக்கும் உங்கள் வங்கிக்கு அது எந்தக் காலத்திலும் பொருந்தாது.

சனிக்கிழமைக் கலக்கத்துக்கு ஒரே வேலை. கூலி வாங்கிய கையோடு, கடைக்குப் போகுமுன், ஐந்து கவரில் பிரித்துவிடுங்கள்: குழு, ஃபைனான்ஸ், நகை வட்டி, ஏலச்சீட்டு, வீடு. கையில் மொத்தமாக இருக்கும் பணத்தை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். பேர் எழுதிய கவரைக் கேட்க எதிராளிக்கே கூச்சமாக இருக்கும். ஃபைனான்ஸ் முடிந்ததும் அந்தக் கவரைச் சேமிப்புக் கவராக்குங்கள், அதைத் தபால் நிலைய சேமிப்புக் கணக்கில் கட்டுங்கள். 500 ரூபாயில் தொடங்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஏஜெண்ட் வந்தால், ரசீது நாத்தனாரிடம் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். உண்மையிலேயே நாத்தனாரிடம் இல்லையென்றால் சனிக்கிழமையே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.