அந்தப் புள்ளி அண்டை வீட்டு விளக்காக இருக்கலாம்

கேள்வி: முதுநிலை இயற்பியல் படிக்கிறேன். இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் விண்வெளி ஆய்வுச் செயற்கைக்கோளின் பொதுத் தரவில், எஃப்154டபிள்யூ ஃபில்டர் (154 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை மட்டும் விடுவது) வழியாக எடுத்த புற ஊதாப் படம் ஒன்றைப் பார்த்தேன். செம்பெயர்ச்சி (அண்ட விரிவில் ஒளியின் அலைநீளம் எவ்வளவு நீண்டது என்ற அளவு) 1.2 என்று பட்டியலில் உள்ள கேலக்ஸியின் இடத்தில் மங்கலான புள்ளி தெரிகிறது. அது அங்கிருந்து கசிந்துவந்த அயனியாக்கும் ஒளிதான் என்று எப்படி உறுதிசெய்வது?

பதில்: புள்ளியை நம்பாமல் தொடங்குங்கள்.

ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் தேவை. 91.2 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒளிக்கே அந்த வலு உண்டு. செம்பெயர்ச்சி 1.2 என்றால் அலைநீளம் 1 + 1.2, அதாவது 2.2 மடங்காகும்; அண்ட விரிவில் அந்த எல்லை நீண்டு நம்மிடம் வந்து சேரும்போது 91.2 × 2.2, அதாவது சுமார் 201 நானோமீட்டர். உங்கள் ஃபில்டரின் வாசல் ஏறத்தாழ 180இல் அடைபட்டுவிடுகிறது. ஆகவே அந்தக் கேலக்ஸியின் சாதாரண, அயனியாக்காத புற ஊதா உள்ளே நுழைய வழியில்லை. செம்பெயர்ச்சி ஒன்றை ஒட்டியோ அதற்குக் கீழோ இருந்திருந்தால் இங்கேயே கடையைக் கட்டியிருக்கலாம்.

ஆனால் அந்த 1.2 எப்படி வந்தது? நிறங்களை வைத்து ஊகித்த எண்ணானால் ஒதுக்கிவையுங்கள். நிறமாலையில் ஆக்சிஜன் கோடு 820 நானோமீட்டர் அருகிலும், ஹைட்ரஜன் ஆல்ஃபா 1,444 அருகிலும் இருக்கவேண்டும். ஒற்றைக் கோடு ஆளை மாற்றிக் காட்டிவிடும். இரண்டும் சேர்ந்து நின்றால் சந்தேகம் தீரும்.

அடுத்ததுதான் பலரைக் கவிழ்த்த இடம். ஆஸ்ட்ரோசாட்டின் புற ஊதாத் தொலைநோக்கி சுமார் 1.5 ஆர்க்செகண்டுக்கு (ஆர்க்செகண்ட் என்பது ஒரு டிகிரியில் 3,600இல் ஒரு பங்கு) ஒளியைப் பரப்பிவிடும். ஹப்பிள் அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் கூர்மை. அதே இடத்தின் ஹப்பிள் படத்தை எடுத்துப் பெரிதாக்குங்கள். உங்கள் கேலக்ஸிக்கு அரை ஆர்க்செகண்ட் தள்ளி, வால்போல் ஒட்டிய சிறு பொட்டு இருக்கிறதா? அது செம்பெயர்ச்சி 0.3இல் உள்ள முன்வரிசை (நமக்கு இன்னும் அருகிலுள்ள) கேலக்ஸியானால், 154 நானோமீட்டரில் நீங்கள் காண்பது அதன் 118 நானோமீட்டர் ஒளி. அயனியாக்காத, எங்கும் கிடைக்கிற புற ஊதா. கசிவு என்று முன்பு அறிவிக்கப்பட்ட பல இப்படித்தான் வீழ்ந்தன.

எல்லாமே ஏமாற்றம் அல்ல. புனேயில் உள்ள ஐயூக்கா வானியல் ஆய்வு நிறுவனத்தின் கனக் சாஹா தலைமையிலான குழு, 2016 அக்டோபரில் 28 மணி நேரத்துக்கு மேல் எடுத்த தரவில், செம்பெயர்ச்சி 1.42இல் உள்ள ஒரு கேலக்ஸியின் கசிவைக் கண்டது. அலசி, சரிபார்த்து வெளியிட 2020 ஆகஸ்ட் ஆனது. அங்கு உருவான அயனியாக்கும் ஒளியில் கசிவு 20 சதவீதத்துக்கும் மேல். கருவியின் ஆடி வெறும் 37.5 சென்டிமீட்டர், ஹப்பிளுக்கோ 2.4 மீட்டர். கைகொடுத்தது ஆடி அல்ல, அமைதி. ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக எண்ணும் அந்த உணர்வியில் பின்னணி இரைச்சல் மிகக் குறைவு.

உங்கள் படத்திலும் அந்த இரைச்சலை அளந்துவிடுங்கள். புள்ளியின் அளவுள்ள வட்டங்களை வெற்று வானத்தில் ஆயிரம் இடங்களில் வைத்து எண்ணுங்கள். எத்தனை வட்டங்கள் தற்செயலாகவே உங்கள் புள்ளியை எட்டுகின்றன? இருநூறு கேலக்ஸிகளைத் துழாவினால், சராசரியாக ஒன்றாவது 2.5 சிக்மாவை (இரைச்சலின் வழக்கமான ஏற்ற இறக்கத்தைப்போல் இரண்டரை மடங்கை) சும்மாவே தொட்டுவிடும். எத்தனை பார்த்தீர்கள் என்பதை மறைக்காமல் எழுதுங்கள்.

நடுவில் கருந்துளை விழித்திருந்தால் கதையே வேறு, அந்த ஒளி விண்மீன்களுடையதாக இல்லாமல் அதனுடையதாக இருக்கலாம்; அதற்கு முதலில் எக்ஸ் கதிர்ப் பட்டியலை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

ஹப்பிள் படமே இல்லாத பகுதியில் புள்ளி இருக்கிறதென்றால், இப்போதைக்கு அதற்கு மேல்வரம்பு (கசிவு இருந்தாலும் இதற்கு மேல் இல்லை என்ற அளவு) மட்டும் எழுதிவிட்டு, வானின் கூட்ஸ் தெற்கு (GOODS-South) பகுதிபோல் பல கருவிகள் உழுதுவைத்த வயலுக்கு மாறிவிடுங்கள்.