நலம் கேளுங்கள்: கட்டிக்குள் எழுத்து குறைந்தால்…

கேள்வி: அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய். கட்டியை அகற்றிவிட்டார்கள். ரிப்போர்ட்டில் ‘எம்.எஸ்.ஐ. ஹை’ என்று இருக்கிறது. கட்டிதான் கையில் இருக்கிறதே, ரத்தம் எதற்கு எடுத்தார்கள்?
– வாசகர், ஈரோடு

பதில்: டி.என்.ஏ.வில் ஒரே எழுத்தோ சில எழுத்துகள் கொண்ட சிறு தொகுதியோ வரிசையாகத் திரும்பத் திரும்ப வரும் இடங்களுக்கு மைக்ரோசாட்டிலைட் என்று பெயர். (விண்வெளிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) செல் பிரியும்போது நகலெடுக்கும் நொதி இந்த இடங்களில்தான் எண்ணிக்கையைத் தவறவிடும். எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 ஆகிய மரபணுக்களின் புரதங்கள் அதைத் திருத்திவிடும். இவற்றில் ஒன்று பழுதானால் பிழை அப்படியே தங்கிவிடும். இதுதான் எம்.எஸ்.ஐ. (மைக்ரோசாட்டிலைட் இன்ஸ்டெபிலிட்டி). உதாரணமாக, பாட்-26 என்ற இடத்தில் 26 ‘ஏ’ எழுத்துகள் தொடர்ந்து வரும். பழுதுள்ள கட்டியில் அவற்றில் பல காணாமல் போயிருக்கும்.

குறைந்திருக்கிறதா என்று சொல்ல, அவருக்குப் பிறவியிலேயே இருந்த நீளம் தெரிய வேண்டும். அதற்குத்தான் ரத்தம். பாட்-25, பாட்-26, என்.ஆர்-21, என்.ஆர்-24, மோனோ-27 ஆகிய ஐந்தையும் ஒரே குழாயில் பி.சி.ஆர். முறையில் நகலெடுத்துப் பெருக்கி, கேபிலரி கருவியில் நீளம் அளப்பார்கள். ஒவ்வொரு நீளமும் வரைபடத்தில் ஒரு சிகரமாகத் தெரியும். இரண்டோ அதற்கு மேலோ மாறியிருந்தால் ‘ஹை’. ஒன்று மட்டும் மாறினால் ‘லோ’. சிகிச்சையில் அதை மாறாத கட்டியைப் போலவே நடத்துவார்கள். ‘ஹை’ என்றால் இரண்டாம் நிலையில் 5-எஃப்.யூ. என்ற கீமோ மருந்தைத் தனியாகக் கொடுப்பதில் பலன் இல்லை. முற்றிய நிலையிலோ பெம்ப்ரோலிசுமாப் போன்ற, உடலின் எதிர்ப்புசக்தியைத் தூண்டும் மருந்துகள் நன்றாக வேலை செய்கின்றன.

கேள்வி: எம்.எஸ்.ஐ. சோதனைக்குக் கட்டியின் பிளாக்கை (மெழுகில் பதித்த திசுவை) அனுப்பினோம். ‘சாம்பிள் போதவில்லை’ என்று லேப் திருப்பி அனுப்பிவிட்டது. பெரிய பிளாக்தானே கொடுத்தோம்?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: பிளாக் பெரிதாக இருப்பது முக்கியமில்லை. அதில் புற்றுசெல் எவ்வளவு என்பதே கணக்கு. பொதுவாக 20 சதவீதமாவது வேண்டும். எம்.எஸ்.ஐ. கட்டிகளில் சளியும் லிம்ஃபோசைட்டுகளும் (ஒருவகை வெள்ளையணுக்கள்) மண்டிக் கிடக்கும். லிம்ஃபோசைட்டில் இருப்பது இயல்பான டி.என்.ஏ. அது கலந்தால், மாறிய சிகரம் பக்கத்துச் சிகரத்தின் தோளில் ஒட்டிய சிறு மேடாகச் சுருங்கி, ‘மாற்றமில்லை’ என்று தவறாகப் படிக்கப்படும். கதிர்வீச்சு கொடுத்தபின் வெட்டிய மலக்குடல் கட்டியில் செல்களே அரிது. முன்பு எடுத்த பயாப்சி பிளாக் இருந்தால் அதையே அனுப்புங்கள்.

சாயமேற்றிய ஸ்லைடில் கட்டி உள்ள பகுதியை நோயியல் மருத்துவர் பேனாவால் வட்டமிட வேண்டும். சாயமேற்றாத ஸ்லைடுகளில் அந்த இடத்தை மட்டும் சுரண்டி எடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் நாள்கணக்கில் ஊறினாலும், பஃபர் (அமிலத்தன்மையைக் கட்டுப்படுத்தும் உப்பு) இல்லாத ஃபார்மலின் அமிலமாக மாறினாலும் டி.என்.ஏ. துண்டுதுண்டாகும். சோதனைக்கு எடுக்கும் ஐந்து இடங்களும் (குறிகள்) ஏறக்குறைய 150 எழுத்துக்குள் அடங்குவதால் ஓரளவு தப்பிக்கும். ரத்தமும் கட்டியும் ஒரே ஆளுடையதா என்று பார்க்க, கிட்டில் தனியாக இரண்டு குறிகள் இருக்கும். குழாய் மாறினால் அங்கே தெரிந்துவிடும்.

கேள்வி: ‘ஹை’ என்றால் பரம்பரை நோயா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பெரும்பாலும் இல்லை. நான்கு புரதங்களையும் சாயமேற்றிப் பார்க்கும் ஐ.எச்.சி. சோதனையில் எம்.எல்.எச்.1 காணவில்லை என்றால், அடுத்து பிராஃப் மரபணுவில் வி600இ என்ற மாற்றம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இருந்தால் பரம்பரை அல்ல என்று ஏறக்குறைய உறுதி. இல்லாவிட்டால் எம்.எல்.எச்.1 மெத்திலேஷன் (மரபணு வேதிமாற்றத்தால் அணைந்திருப்பது) சோதனை. அதுவும் இல்லையென்றால் ரத்தத்தில் மரபணுச் சோதனை. எம்.எஸ்.எச்.2 காணவில்லை என்றால் நேராக ரத்தச் சோதனைக்கே போகலாம். பரம்பரையாக வரும் இந்தப் பழுதுக்கு லிஞ்ச் சிண்ட்ரோம் என்று பெயர். அது உறுதியானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு உண்டு. இன்னொன்று: எம்.எஸ்.எச்.6 பழுது சில நேரம் ஐந்து குறிகளிலும் சிக்காது. குடும்பத்தில் கருப்பை, குடல் புற்றுநோய் இருந்தால், ‘மாற்றமில்லை’ என்ற முடிவோடு நிறுத்தாமல் ஐ.எச்.சி.யும் செய்யச் சொல்லுங்கள்.