செயற்கைக்கோளும், ஒலியால் ஆழம் அளக்கும் சோனார் கருவியும் இல்லாத காலத்தில் மலை ஏரியின் அடித்தரையை எப்படி வரைபடமாக்கினார்கள்? அதை நம்பலாமா?

தாராளமாக நம்பலாம். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் இருக்கும் கிரேட்டர் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 7,700 ஆண்டுகளுக்கு முன் மசாமா எரிமலை வெடித்து, அதன் உச்சி உள்ளே சரிந்து விழுந்த பள்ளம் அது. ஆறு எதுவும் அதில் வந்து சேர்வதில்லை. மழையும் பனியுமே நிரப்பிய நீர்.

1886இல் அமெரிக்க நிலவியலாளர் கிளாரன்ஸ் டட்டன் தலைமையில் ஒரு குழு அதை அளக்கப் போனது. 'கிளீட்வுட்' என்ற அரை டன் படகை மலை விளிம்பு வரை ஏற்றி, அங்கிருந்து செங்குத்துச் சரிவில் நீர்மட்டத்துக்கு இறக்கினார்கள். பாதி வேலை அதிலேயே முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆழம் பார்க்க அவர்களிடம் இருந்தவை பியானோ கம்பியும் அதன் நுனியில் கட்டிய குழாயும்தான். நில அளவை வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு பாழுங்கிணற்றின் ஆழத்தைக் கல் கட்டிய கயிற்றால் அளந்தேன். கல் தரையைத் தொட்டதா, கயிறு வெறுமனே தளர்ந்ததா என்று கைக்குத் தெரியவே இல்லை. இரண்டு முறை அளந்தேன், இரண்டு விடை வந்தது. மெல்லிய எஃகுக் கம்பியை அவர்கள் ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது.

ஆனால் உண்மையான சிக்கல் ஆழம் அல்ல, இடம். நடு ஏரியில் படகு எங்கே நிற்கிறது என்று தெரியாவிட்டால், அளந்த ஆழத்தை வரைபடத்தில் எங்கே குறிப்பது? அதனால் கம்பி இறங்கும் ஒவ்வொரு முறையும் கரையில் இருந்தவர்கள் படகை நோக்கிக் கோணம் எடுத்தார்கள். இரண்டு இடங்களிலிருந்து எடுத்த பார்வைக்கோடுகள் வெட்டும் புள்ளிதான் படகு. முக்கோண அளவை என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

இப்படி 168 இடங்களில் அளந்தார்கள். கிடைத்த அதிகபட்ச ஆழம் 1,996 அடி. 2000ஆம் ஆண்டில், ஒரே நேரத்தில் பல ஒலிக்கற்றைகளை அனுப்பி அளக்கும் பல்கற்றை சோனார் காட்டியது 1,943 அடி. வித்தியாசம் 53 அடி, மூன்று சதவீதம்கூட இல்லை. கம்பி சற்றுச் சாய்ந்து இறங்கியிருந்தால் அளவு கூடத்தான் செய்யும், குறையாது. அதனால் பிழை அந்தப் பக்கம் போனதில் எனக்கு வியப்பில்லை.

அதைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. அந்தச் சில எண்களை வைத்தே, அடித்தரை சமதளமல்ல, நீருக்குள் எரிமலைக் கூம்புகள் நிற்கின்றன என்று டட்டன் ஊகித்தார். அவற்றில் ஒன்றுதான் இன்று மெரியம் கூம்பு என்று வரைபடத்தில் இருக்கிறது.