நாத்தனார் அறைக்கு உங்கள் கார்டு எதற்கு?

கேள்வி: ஆற்காட்டில் இருக்கிறோம். ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். சம்பளம் 41,000 ரூபாய். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நானும் கணவரும் சென்னை போய், மயிலாப்பூரில் பழைய வீட்டைப் புதுப்பித்து நடத்தும் ஒரு சின்ன ஓட்டலில் இரண்டு இரவு தங்குவோம். ஒன்பதே அறை, ஆத்தங்குடி தரை, முற்றத்தில் ஊஞ்சல். ஓர் இரவுக்கு 3,600. குடியாத்தத்தில் இருக்கும் நாத்தனார் குடும்பமும் கூடவே வரும். "உங்க கார்டுலயே போட்டுடுங்க அண்ணி, அப்புறம் கொடுத்துடறோம்" என்பாள். ஆறு தடவை போனதில் 12,000தான் திரும்பி வந்தது. கார்டில் 62,000 நிற்கிறது. மாதம் 3,100 மினிமம் கட்டியும் குறையவில்லை. ஆர்.டி.யில் மாதம் 5,000 போட்டு 48,000 சேர்த்திருக்கிறேன். ஹாலிடே கிளப்பில் 2,40,000 ரூபாய்க்கு மெம்பர் ஆனால் ஓட்டல் செலவே இருக்காது என்கிறார்கள். எடுக்கலாமா? ராத்திரி தூக்கமே வரவில்லை.

பதில்: எடுக்காதீர்கள். கையெழுத்துப் போடச் சொல்லி இன்னொரு முறை போன் வந்தால் 'வேண்டாம்' என்று சொல்லி வைத்துவிடுங்கள்.

சென்னைப் பயணத்தை நிறுத்தச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். சொல்லப்போவதில்லை. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றித் தெருத்தெருவாக லாட்ஜ் இருக்கிற பக்கம் நம்முடையது. அறை வாடகை நமக்குத் தெரியாததல்ல. சென்னையில் அழகான, சுத்தமான அறை 3,600 ரூபாய்க்குக் கிடைத்தால் அது நல்ல விலைதான். நீச்சல் குளம், கல்யாண ஹால் என்று எதுவும் இல்லாததால் இந்த மாதிரிச் சின்ன ஓட்டல்களுக்கு இந்த வாடகை கட்டுப்படியாகிறது. 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு ஜி.எஸ்.டி.யும் 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. இரண்டு இரவுக்கு 7,200, வரி 360, ஆக 7,560. மாதத்துக்குப் பிரித்தால் 3,780. இரண்டு பேர் சம்பாதிக்கிறீர்களோ, நீங்கள் மட்டுமோ, அதை எழுதவில்லை. ஒரு சம்பளமானாலும் இது தாங்கக்கூடிய செலவு.

தாங்க முடியாதது இரண்டாவது அறை. ஒரு பயணத்துக்கு 7,560 என்றால் ஆறு பயணத்துக்கு 45,360. வந்தது 12,000. பாக்கி 33,360. உங்கள் 62,000-இல் பாதிக்கு மேல் அவர்கள் தூங்கிய அறையின் வாடகை.

இப்போது அந்த 3,100 எங்கே போகிறது என்று பாருங்கள். உங்கள் கார்டின் மாத வட்டி ஸ்டேட்மென்ட்டிலேயே இருக்கும். பெரும்பாலான கார்டுகளில் 3.5 சதவீதத்தை ஒட்டி வரும், அதையே வைத்துக்கொள்வோம். 62,000-க்கு வட்டி 2,170. அந்த வட்டி மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 390. இரண்டும் சேர்ந்து 2,560. நீங்கள் கட்டுவதில் அசலில் கழிவது வெறும் 540 ரூபாய். இன்னொன்றும் இருக்கிறது. பழைய பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்குவதற்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது. மளிகைக் கடையில் தேய்த்தாலும் அன்றிலிருந்தே வட்டி ஓடும்.

வருஷத்துக்கு 42 சதவீதம் வட்டி கட்டிக்கொண்டு, ஏழு சதவீதம்கூடத் தேறாத ஆர்.டி.யைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள். இந்த வாரமே அதை முடித்து 48,000-ஐயும் கார்டில் கட்டுங்கள். முன்கூட்டி முடிப்பதற்கு வட்டியில் கொஞ்சம் பிடிப்பார்கள், பிடிக்கட்டும். மிச்சம் 14,000. ஆர்.டி.க்குப் போன 5,000, மினிமத்துக்குப் போன 3,100, இரண்டையும் சேர்த்து மாதம் 8,100 கட்டினால் இரண்டு மாதத்தில் வட்டியோடு முடிந்துவிடும். அதுவரை கார்டு பீரோவில் இருக்கட்டும், சென்னையும் காத்திருக்கட்டும்.

கிளப் விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. 2,40,000 ரூபாய்க்கு, நீங்கள் ஆசைப்படும் அதே மயிலாப்பூர் அறையில் 31 முறை தங்கலாம், அதாவது ஐந்து வருஷம். கிளப்பில் அந்தப் பணத்துக்கு மேல் வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம் உண்டு, போனாலும் போகாவிட்டாலும். அவர்கள் தருவது பெரும்பாலும் மலையிலும் கடற்கரையிலும் வாரக்கணக்கில் தங்கும் ரிசார்ட். உங்களுக்கு வேண்டியது ஊருக்குள் இரண்டு இரவு.

நாத்தனார் விஷயம்தான் கஷ்டம், தெரியும். "தங்கச்சிக்குச் செய்ய வேண்டியதுதானே" என்று உங்கள் கணவர் நினைக்கலாம். செய்யட்டும், தாராளமாகச் செய்யட்டும். ஆடிச் சீர், பொங்கல் சீர், பிள்ளைக்குக் காதுகுத்து என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நாளும் ஒரு தொகையும் உண்டு, நோட்டில் எழுதிக் கையில் கொடுக்கலாம். அண்ணி கார்டில் ஏறி 42 சதவீத வட்டியோடு நிற்கும் வாடகையை யாரும் சீர் என்று சொல்லமாட்டார்கள். வாங்கியவளுக்கும் அது சீராகத் தெரியாது. பாக்கி 33,360-ஐக் கேட்க வேண்டியது நீங்களில்லை, அவள் அண்ணன். "மாசம் மூவாயிரமா கொடும்மா" என்று ஒரே ஒருமுறை, தனியாக, கோபமில்லாமல் கேட்கட்டும்.

அடுத்த பயணத்துக்கு உங்கள் அறையை மட்டும் நீங்கள் பதிவு செய்யுங்கள். "எங்க ரூமைப் போட்டாச்சும்மா, ஓட்டல் நம்பர் அனுப்பறேன், நீங்களும் போட்டுக்கோங்க" என்று ஒரு மெசேஜ் போதும். அவர்கள் வராமல் போனால் போகட்டும். தீபாவளி, மார்கழிக் கச்சேரி சமயங்களை விட்டுவிட்டு, ஓட்டலுக்கே நேராகப் போன் செய்து விலை கேளுங்கள். அடிக்கடி வருகிறவர் என்று தெரிந்தால் காலை டிபனையாவது சேர்த்துத் தருவார்கள்.

அடுத்த ஸ்டேட்மென்ட் வந்ததும் எழுதுங்கள், சகோதரி. உங்கள் கணவர் தங்கையிடம் பேசினாரா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.