மாஸ்டா எம்எக்ஸ்-5ல கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் மாத்தியும் பெடல் திரும்பத் திரும்ப உள்ள போகுதே, ஏன்?

நீங்க சொல்றது 1989ல வந்த முதல் தலைமுறை கார்னு வெச்சுக்கறேன். அதுல ஸ்லேவ் சிலிண்டர், அதாவது ஃப்ளூயிட் அழுத்தத்துல கிளட்சைத் தள்ளற கீழ் சிலிண்டர், போறது ரொம்ப சகஜம். கியர்பாக்ஸுக்கு வெளியவே, ரெண்டே போல்ட்டுல மாட்டியிருக்கறதால எல்லாரும் அதை மட்டும் மாத்திட்டு விட்டுடறாங்க, தப்பு அங்கதான்.

மேல இருக்கற, பெடலை மிதிச்சா ஃப்ளூயிடைத் தள்ளற மாஸ்டர் சிலிண்டரும் அதே வயசுதானே? பல வருஷமா பிஸ்டன் ஒரே இடத்துலதான் போய்வந்திருக்கும், அதுக்கு அந்தப் பக்கம் ஈரம் சேர்ந்து அரிச்சிருக்கும், இப்ப லைன்ல மாட்டின ஏரை வெளிய எடுக்கறேன்னு பெடலை அடிவரைக்கும் மிதிச்சா சீல் அந்தச் சொரசொரப்புல உரசி கிழிஞ்சுடும். அதனால தயவுசெஞ்சு ரெண்டையும் சேர்த்தே மாத்துங்க. நடுவுல இருக்கற ரப்பர் ஹோஸையும் விடாதீங்க, பழசானா உப்பி அழுத்தத்தைத் தின்னுடும்.

எங்க லீக்னு கண்டுபிடிக்க, ஸ்லேவோட ரப்பர் பூட்டை லேசா விலக்கிப் பாருங்க, உள்ள ஈரமா இருந்தா அது போச்சு. மாஸ்டர்னா பெடலுக்கு மேல, பெடலையும் சிலிண்டரையும் இணைக்கற புஷ்ராட் கம்பிக்கிட்ட கசியும், பெயின்ட்டையும் உரிச்சுடும்.

ஃப்ளூயிட் டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் ஃப்ளூயிட், ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை மாத்துங்க, அது காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும்.

கடைசியா புஷ்ராட்ல கொஞ்சம் ஃப்ரீ பிளே, அதாவது லேசான இடைவெளி, இருக்கான்னு பாருங்க. இல்லன்னா ஃப்ளூயிட் டேங்குக்குத் திரும்பாம கிளட்ச் முழுசாப் பிடிக்காம ஸ்லிப் ஆகும்.