அழித்த குரூப்தான் உங்கள் மகனின் சாட்சி

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் ஸ்காலர்ஷிப்பில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். அவனுடைய கோச் அனுமதித்ததைவிட அதிக நேரம் பயிற்சி கொடுத்தார், வாராவாரம் பொய்க் கணக்கில் பையன்களிடம் கையெழுத்து வாங்கினார் என்று அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு விசாரிக்கிறது. அடுத்த வாரம் என் மகனை விசாரிக்கப் போகிறார்கள். பல்கலைக்கழக வக்கீல் தங்கமான மனிதர், தானும் கூட இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். நியூஜெர்சியில் இருக்கும் என் தம்பி சொன்னபடி டீம் வாட்ஸ்அப் குரூப்பைப் போன வாரம் அழித்துவிட்டான். அமெரிக்காவில் வாயைத் திறக்காமலே இருக்கச் சட்டம் இடம் தருகிறது என்றும் தம்பி சொல்கிறான். எங்கள் வீட்டுப் பையனுக்கு இந்த வாழ்வைக் கொடுத்தவர் அந்த கோச். அவருக்கு எதிராகப் பேசினால் நன்றிகெட்டதனம் ஆகாதா?
- ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: சகோதரி, நீங்கள் நன்றியைப் பற்றிக் கேட்கிறீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன். குரூப்பை அழித்துவிட்டான் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் மகனுக்கு இப்போது இருக்கிற பெரிய ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

விசாரணை என்று தெரிந்த பிறகு அழித்திருக்கிறான். கூடுதல் பயிற்சி கோச் செய்த தவறு. ஆதாரத்தை அழித்தது உங்கள் மகன் தானாகத் தன் பெயரில் சேர்த்துக்கொண்ட தவறு. என்.சி.ஏ.ஏ. விதிப்புத்தகத்தில் விசாரணைக்கு ஒத்துழைக்காததும் நேர்மையற்ற நடத்தையும் முதல் நிலை மீறல்கள் வரிசையில் நிற்கின்றன. கூடுதல் பயிற்சி, ஆதார அழிப்பு என்ற இரண்டு விதமான வழக்கிலும் மிச்சிகன் பல்கலைக்கழகம் மாட்டியது. 2010-ல் அதன் அமெரிக்க ஃபுட்பால் அணி பயிற்சி நேர வரம்பை மீறியதற்கு மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. மேற்கொண்டு 130 மணி நேரப் பயிற்சியையும் வெட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. 2023-ல் எதிரணியின் சைகைகளைத் திருடிய விவகாரம் வெடித்தபோது, ஷெரோன் மூர் என்ற துணைப் பயிற்சியாளர் அதில் சிக்கிய ஊழியருடன் பேசிய 52 குறுஞ்செய்திகளை அழித்தார். அத்தனையையும் மீட்டெடுத்துவிட்டார்கள். 2025 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தபோது அவர் தலைமைப் பயிற்சியாளர். ஆட்டத் தடையும், எந்தக் கல்லூரி வேலைக்கு வைத்தாலும் கூடவே தொடரும் இரண்டு ஆண்டுக் கட்டுப்பாடும் அவருக்குக் கிடைத்தன. அழித்ததற்காகத்தான் கிடைத்தன.

உங்கள் தம்பி இன்னொன்றையும் யோசிக்கவில்லை. உங்கள் மகன் போனில் அழித்தால் மற்றப் பையன்களின் போனிலும் அழிந்துவிடுமா? அதே செய்திகள் அங்கே அப்படியே கிடக்கின்றன. ஒளிந்தது ஒன்றுமில்லை. இவன் ஒளிக்கப் பார்த்தான் என்பது மட்டும் தெரியப் போகிறது.

அதைவிட வயிற்றெரிச்சல், அந்த குரூப் அவனுக்குச் சாதகமான சாட்சி. என்.சி.ஏ.ஏ.வின் மேல்மட்டப் பிரிவான டிவிஷன் ஒன்றில் சீசன் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம், நாளுக்கு 4 மணி நேரம், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. அதற்கு மேல் விளையாடினால் அது மாணவன் தன் விருப்பத்தில் விளையாடியதாக இருக்க வேண்டும்: கோச் வரச்சொல்லக்கூடாது, யார் வந்தார் என்று குறிக்கக்கூடாது, வராதவனைத் தண்டிக்கக்கூடாது. ‘நாளை காலை ஆறு மணி, விருப்பப் பயிற்சி, எல்லாரும் வந்தாகணும்’ என்று கோச் அந்த குரூப்பில் போட்டிருந்தால், பையன்கள் ஆசைப்பட்டுப் போகவில்லை, போகவைக்கப்பட்டார்கள் என்பதற்கு அதைவிட ஆதாரம் வேண்டாம். அதைத்தான் தாய்மாமன் அழிக்கச் சொல்லியிருக்கிறார். மடியில் உட்காரவைத்துக் காது குத்திய உரிமை, பையனின் எதிர்காலத்தோடு விளையாடுவதற்குக் கொடுத்த உரிமை இல்லை. உங்கள் தம்பியிடம் இதை நீங்களே சொல்லுங்கள். இனி இந்த விஷயத்தில் அவர் யோசனை வேண்டாம்.

வாயைத் திறக்காமல் இருக்கலாம் என்பதும் தப்பு. அந்த உரிமை அரசாங்கத்தின் முன் செல்லும். என்.சி.ஏ.ஏ. அரசாங்க அமைப்பு அல்ல என்று 1988-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் டார்கேனியன் என்ற பயிற்சியாளரின் வழக்கில் சொல்லிவிட்டது. இங்கே மௌனமே மீறல். அதற்காக ஆட்டத் தகுதி போனால் ஸ்காலர்ஷிப்பும் போகலாம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருக்கிறவனுக்கு அடுத்து, விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் காட்டிய பணம் என்ன ஆயிற்று என்ற கேள்வி எழும்.

அந்தத் தங்கமான வக்கீல் நல்லவராகவே இருக்கட்டும். அவருடைய கட்சிக்காரர் பல்கலைக்கழகம். பல்கலைக்கழகம் தப்பிக்க வேண்டுமானால் கோச்சையும் கைவிடும், உங்கள் மகனையும் கைவிடும். அவருடைய வேலையே அதுதான், குறை சொல்ல முடியாது. விசாரணைக்குத் தன் சொந்த வக்கீலோடு போக உங்கள் மகனுக்கு உரிமை உண்டு. கல்லூரியில் மாணவர்களுக்கென்று இருக்கும் இலவசச் சட்ட உதவி, பல்கலைக்கழகத்தோடு முரண்படும் விஷயத்தில் பெரும்பாலும் தலையிடாது. என்.சி.ஏ.ஏ. விசாரணைகளில் பழகிய வக்கீலை வெளியே தேடுங்கள். தேதி நெருக்கமாக இருந்தால் தள்ளிவைக்கும்படி அந்த வக்கீலே எழுதிக் கேட்கட்டும்.

அதுவரை அவன் போனை மாற்றக்கூடாது, ரீசெட் செய்யக்கூடாது, வாட்ஸ்அப்பை எடுத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்க்கவும் கூடாது. வாட்ஸ்அப்பின் தானியங்கி பேக்கப்பை இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள். புதிய பேக்கப் ஏறினால் பழையது போய்விடும். நாள்தோறும் எடுப்பதாக வைத்திருந்தால் ஏற்கெனவே போயிருக்கலாம், மாதம் ஒருமுறை என்றால் குரூப் இன்னும் அதில் இருக்கலாம். மீட்கும் வேலையை வக்கீல் ஏற்பாடு செய்யும் ஆள் செய்யட்டும். கோச்சிடமும் டீம் பையன்களிடமும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. அவர்களுடைய குரூப்பிலிருந்து செய்திகளை அனுப்பச் சொல்லிக் கேட்பதும் வேண்டாம். ‘பேசிவைத்துக்கொண்டார்கள்’ என்று ஆகிவிடும்.

விசாரணையில் அழித்ததை அவர்கள் கேட்கும்வரை காத்திருக்கக்கூடாது, முதலிலேயே சொல்லிவிட வேண்டும். யார் சொல்லி, எந்தத் தேதியில் என்பதும் உட்பட. மாமா பெயர் வந்தால் வரட்டும். பொய்க் கணக்குத் தாளில் தான் கையெழுத்துப் போட்டதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மாணவன் தன் பங்கை முழுதாகச் சொன்னால் அவனுடைய தகுதிக்கு வரம்புள்ள பாதுகாப்பு தர விதியில் வழி இருக்கிறது. வாயைத் திறக்கும் முன்பே அதை வக்கீல் கேட்டு வாங்கப் பார்க்க வேண்டும். மறைத்த விஷயத்துக்கு அந்தப் பாதுகாப்பு செல்லாது.

உண்மை சொல்கிறேன் என்று கூட்டியும் சொல்லிவிடக்கூடாது. பயணம், பிசியோவிடம் சிகிச்சை, படிப்பு நேரம் எதுவும் அந்த 20 மணி நேரத்தில் சேராது. போட்டி நாள், மேட்ச் எவ்வளவு நீண்டாலும், 3 மணி நேரமாகத்தான் கணக்கு. இவற்றைக் கழித்துவிட்டு, எந்த வாரம் எத்தனை மணி நேரம் என்று காலண்டரைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நினைவில்லாததை நினைவில்லை என்று சொல்லட்டும்.

இனி நன்றி. செஞ்சோற்றுக் கடனுக்குக் கர்ணன் தன் உயிரைக் கொடுத்தான். நீங்கள் பிள்ளையின் பெயரைக் கொடுத்து அடைக்கப் பார்க்கிறீர்கள். கோச் அவனைத் தேர்ந்தெடுத்தார், உண்மை. அதற்கு அவன் மூன்று வருடம் டென்னிஸ் கோர்ட்டில் வியர்வை சிந்திவிட்டான். ஸ்காலர்ஷிப் பணம் கோச் பையிலிருந்து வரவில்லை. தன் பாதுகாப்பில் இருக்கும் பிள்ளையிடம் பொய்த்தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கியவர், குரு என்ற உரிமையை அன்றே இழந்துவிட்டார். அவர் மேல் உங்கள் மகன் ஆத்திரப்பட வேண்டாம், வசைபாட வேண்டாம். கேட்டதற்கு நடந்ததைச் சொன்னால் போதும். பொய் சொல்லி ஒருவரைக் காப்பாற்று என்று எந்தத் தாயும் பிள்ளைக்குச் சொல்லித்தரக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

இந்தப் பதிலைப் படித்த கையோடு மகனுக்குப் போன் போடுங்கள். பேக்கப்பை நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு அவன் அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வக்கீல் செலவுக்கு என்ன செய்யலாம் என்று பேசுங்கள்.