மருத்துவர் பதில்கள்: பருமன் நோயா, உடல்வாகா?

கேள்வி: என் மகனுக்கு வயது 34, உயரம் 170 சென்டிமீட்டர், எடை 92 கிலோ. மதுரையில் பரிசோதித்த மருத்துவர், நோயின் பெயர் எழுதும் இடத்தில் ‘உடல் பருமன்’ என்று எழுதிவிட்டார். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சரியாகவே இருக்கின்றன. எங்கள் வளவில் எல்லோருமே பூசினாற்போன்ற உடம்புக்காரர்கள்தாம். பெண் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் உடல்வாகைப் போய் நோய் என்று எழுதலாமா?
— வாசகி, தேவகோட்டை

பதில்: எழுதலாம், ஆச்சி, ஆனால் அந்த ஒரு சொல்லோடு அவர் நிறுத்திக்கொண்டது போதாது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் பருமன் 1948 முதலே இடம்பெற்றிருக்கிறது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 2013இல்தான் அதை நோயாக ஏற்றது, அப்போதும், உயரத்தையும் எடையையும் மட்டுமே வைத்துக் கணக்கிடும் பி.எம்.ஐ. (உடல் நிறை எண்) நம்பத்தக்க அளவுகோல் அல்ல என்று தயங்கிய தன் குழுவின் பரிந்துரையை மீறித்தான் ஏற்றது. அந்தத் தயக்கத்தில் நியாயம் இருந்தது என்பேன்.

எடையை, மீட்டரில் கணக்கிட்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ.; உங்கள் மகனுக்கு அது ஏறத்தாழ 32. ஐரோப்பியருக்கு 30இல் தொடங்கும் பருமன், அதே எடையிலும் கூடுதல் கொழுப்பை, அதுவும் வயிற்றுக்குள், சேர்த்துக்கொள்ளும் நம்மவர்க்கு 25இலேயே தொடங்குவதாக இந்திய மருத்துவர்கள் வகுத்திருக்கிறார்கள். எந்தக் கணக்கிலும் அவர் எல்லையைத் தாண்டிவிட்டார். ஆயினும் அந்தக் கொழுப்பு எங்கே படிந்திருக்கிறது, என்ன கேடு செய்கிறது என்பதை இந்த எண் சொல்லாது.

2025 ஜனவரியில் லான்செட் குழும மருத்துவ இதழின் நிபுணர் குழு இதற்கு ஒரு வழி சொன்னது. கூடுதல் கொழுப்பால் உறுப்புகளின் வேலை கெட்டிருந்தாலோ, குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாடக் காரியங்கள் முடங்கியிருந்தாலோ அது நோய். இல்லையெனில், கண்காணிக்க வேண்டிய முந்தைய நிலை. இந்தப் பிரிவினையே எனக்கு ஏற்புடையது. ஆகவே, சர்க்கரையும் அழுத்தமும் சரியாக இருப்பதை வைத்து நிம்மதியடைந்துவிடாமல், தூக்கத்தில் குறட்டையினூடே மூச்சு நின்று நின்று வருகிறதா, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, முழங்கால் வலிக்கிறதா, கல்லீரலில் கொழுப்பு படிந்து தழும்பேறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இடுப்பளவும் எடுக்க வேண்டும். கட்டிய வேட்டியைத் தளர்த்தி, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றி, இயல்பாக மூச்சை வெளியே விட்ட நிலையில் அளக்க வேண்டும். தொப்பைக்குக் கீழே இறங்கிக் கிடக்கும் பேன்ட்டின் அளவைச் சொல்லித் தம்மையே ஏமாற்றிக்கொள்பவர்கள் அதிகம். எல்லை, ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80.

‘வாயைக் கட்டினால் தீருவதற்கு நோய் என்று ஏன் பெயர்?’ என்று உறவினர்கள் கேட்பார்கள். எடை குறையத் தொடங்கியதும் கொழுப்பணுக்கள் சுரக்கும் லெப்டின் குறைகிறது, பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது, உடம்பு செலவழிக்கும் ஆற்றலும் சுருங்குகிறது. இழந்த கிலோக்களை மீட்க உடம்பே முனைந்து நிற்கிறது. மனவுறுதி இல்லாதவன் என்று ஏசுவதால் இது மாறாது. பி.எம்.ஐ.யில் மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் 40 முதல் 70 சதவீதம் மரபணு சார்ந்தது என்று இரட்டையர் ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. எனவே உங்கள் வளவின் உடம்புக்கு வம்சமும் ஒரு காரணம். விசேஷங்களுக்கென்று செய்த கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் காரைக்குடிக் கடைகளில் அன்றாடம் கிடைப்பது இன்னொரு காரணம். (கும்மாயத்தோடு எனக்குப் பகையில்லை, அதில் ஊற்றும் நெய்யோடுதான்.)

பெண் வீட்டார் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். கேட்காதவரிடம் அறிக்கையை நீட்ட வேண்டியதில்லை.

கேள்வி: பருமன் நோய்தான் என்றால், சிகிச்சைக்குக் காப்பீட்டு நிறுவனம் ஏன் பணம் தர மறுக்கிறது?
— வாசகர், காரைக்குடி

பதில்: காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி, எடைகுறைப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பணம் கோர பி.எம்.ஐ. 40 இருக்க வேண்டும். அல்லது 35ஐத் தொட்டு, கட்டுப்படாத சர்க்கரை, இதயநோய், கடுமையான தூக்க மூச்சுத்தடை போன்ற ஒன்று உடன் இருக்க வேண்டும். நோய்க்கு 25 என்று எல்லை வகுத்துவிட்டுப் பணத்துக்கு 35 என்று வைத்தால், இடையில் இருப்பவர் கைக்காசைத்தான் செலவழிக்க வேண்டியிருக்கிறது; இது திருத்தப்பட வேண்டியது. இரண்டாவது வகையில், அறுவை அல்லாத வழிகள் பலனளிக்கவில்லை என்பதையும் காட்ட வேண்டும். எனவே உணவு ஆலோசகர் எழுதித் தந்தவை, மருந்துச் சீட்டுகள், அவ்வப்போது எடுத்த எடைக் குறிப்புகள் ஆகியவற்றைத் தேதி வாரியாகக் கோப்பில் போட்டு வையுங்கள்.